14 பெரிதா, 3 பெரிதா?

கேள்வி:

மதிப்பிற்குரிய டாக்டர் ஐயா, என் மகனுக்கு 24 வயது. கடைவாய்ப் பல் வலிக்கிறது என்று எக்ஸ்ரே எடுத்தபோது, கீழ்த்தாடையின் இடது மூலையில் நீர்க்கட்டி இருப்பது தெரிந்தது. சிறு துண்டு எடுத்துச் சோதித்ததில் ‘ஒடான்டோஜெனிக் கெரடோசிஸ்ட்’ என்று முடிவு வந்தது. அதன் கீழே ‘கேஐ-67: 14%’ என்று ஒரு வரி. 14 சதவீதத்தைத் தாண்டினால் ஆபத்து என்று இணையத்தில் போட்டிருக்கிறது. பயந்துபோய் அதே மாதிரியை வேறோர் ஆய்வகத்தில் கொடுத்தோம். அங்கே 9% என்றார்கள்.

மூன்று ஆண்டுகளுக்கு முன் என் நாத்தனார் மகனுக்குத் தாடையில் ‘அமெலோபிளாஸ்டோமா’ என்ற கட்டி வந்தது. அவனுக்குக் கேஐ-67 வெறும் 3%தான். ஆனாலும் தாடை எலும்பில் ஒரு பகுதியையே வெட்டி எடுத்து, கால் எலும்பை வைத்துப் பொருத்தினார்கள். 3% உள்ளவனுக்கு அவ்வளவு பெரிய அறுவை; 14% உள்ள என் மகனுக்கோ, “கட்டியை எடுத்துவிட்டு எலும்பைச் சுற்றிலும் கொஞ்சம் ராவி மருந்து தடவினால் போதும்” என்கிறார் மருத்துவர். எங்கேயோ தவறு நடக்கிறதோ என்று தூக்கம் வரவில்லை. பல் மருத்துவம் படிக்கும் உறவுக்காரப் பெண், பிசிஎன்ஏ, ஏஜிநார் என்ற சோதனைகளையும் செய்துவிட்டால் உறுதியாகத் தெரிந்துவிடும் என்கிறாள். செய்யட்டுமா? இது புற்றுநோயா? குடும்பத்தில் ஓடுகிற நோயா? தீபாவளி வருகிறது, அவனுக்கு முறுக்கு என்றால் உயிர். கொடுக்கலாமா?

— ஒரு தாய், தஞ்சாவூர் மாவட்டம்

பதில்:

அன்புள்ள சகோதரிக்கு,

தூக்கத்தைக் கெடுக்கும் கேள்விக்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன். இது புற்றுநோய் இல்லை. பல் உருவாகும் காலத்தில் வேலை முடிந்து கரைந்துபோக வேண்டிய செல்களில் சில, தாடைக்குள் மிஞ்சி நின்றுவிடுவதுண்டு. அவற்றிலிருந்து வருவதுதான் கெரடோசிஸ்ட். அதற்குள் புற்று தோன்றியதாக மருத்துவ இலக்கியத்தில் பதிவுகள் உண்டு என்றாலும், அவை அபூர்வத்திலும் அபூர்வம். இந்தக் கட்டியின் குணக்கேடு வேறு: எடுத்த இடத்திலேயே திரும்பி வரும். மருத்துவர்கள் இதைப் பற்றிக் கவலைப்படுவதெல்லாம் அந்த ஒரு குணத்தால்தான்.

உங்கள் மகனுக்குச் சொல்லியிருக்கும் சிகிச்சையில் எனக்குத் தவறு தெரியவில்லை. நாத்தனார் மகனுக்குச் செய்ததிலும் தெரியவில்லை. இரண்டும் சரியாக இருக்க, நடுவில் புகுந்து உங்களைக் குழப்பியது அந்தச் சதவீதம்தான். அதை எழுதும் கூட்டத்தைச் சேர்ந்தவன் நான். கத்தி பிடிப்பவன் அல்லன், நுண்ணோக்கியில் திசுவைப் பார்த்து முடிவு எழுதும் வாய் நோய்க்குறியியல் மருத்துவன். ஆகவே இந்தக் குழப்பத்தில் எங்களுக்கும் பங்கு உண்டு. எண்ணை எழுதுகிறோம், அதற்கு என்ன பொருள் என்பதை எழுதுவதில்லை.

1983-ல் ஜெர்மனியின் கீல் நகரில் யோஹானஸ் கெர்டெஸும் அவருடன் பணியாற்றியவர்களும் புதிய ஆன்டிபாடி (குறிப்பிட்ட ஒரு புரதத்தைத் தேடிப்போய் ஒட்டிக்கொள்ளும் பொருள்) ஒன்றைப் பற்றி எழுதினார்கள். ஹாட்ஜ்கின் லிம்போமா என்ற நிணநீர்ப் புற்றுநோயின் செல்களிலிருந்து எடுத்த உட்கருக்களைச் சுண்டெலிகளுக்குச் செலுத்தி உண்டாக்கியது அது. கீல் என்ற ஊர்ப்பெயரை ஜெர்மன் மொழியில் எழுதும்போது வரும் முதல் இரண்டு எழுத்துகள்தாம் ‘கேஐ’. குழிகள் நிறைந்த ஆய்வகத் தட்டில் அது கிடைத்த குழியின் எண் 67. பெயர்க்காரணம் அவ்வளவுதான். 67 என்றதும் ஏதோ அளவு என்று நினைத்து மிரள்பவர்களைப் பார்த்திருக்கிறேன். வீட்டுக் கதவெண் போன்றது அது.

அந்த ஆன்டிபாடி கண்டுபிடிக்கும் புரதம், பிரிவதற்கு ஆயத்தமாகும் செல்லிலும் பிரிந்துகொண்டிருக்கும் செல்லிலும் இருக்கும். ஓய்ந்து கிடக்கும் செல்லில் இருக்காது. திசுவின் மெல்லிய சீவலில் இந்த ஆன்டிபாடியை விட்டு நிறமேற்றினால், பிரிவதற்கான சுழற்சியில் இருக்கும் செல்களின் உட்கரு மட்டும் பழுப்பாகத் தெரியும். மற்றவை நீலமாக நிற்கும். நூறு செல்களில் எத்தனை பழுப்பு என்று எண்ணுகிறோம். உங்கள் கையில் இருக்கும் 14 அப்படி வந்ததுதான்.

தொடக்கத்தில் இந்தச் சோதனை உறையவைத்த புதுத் திசுவில் மட்டுமே பலித்தது. 1990-களின் தொடக்கத்தில் அதே புரதத்தைப் பிடிக்கும் எம்ஐபி-1 என்ற ஆன்டிபாடியும், ஸ்லைடை மைக்ரோவேவ் அடுப்பில் சூடாக்கும் உத்தியும் வந்த பிறகு, மெழுகில் பதித்து வைத்திருந்த பழைய திசுவிலும் செய்ய முடிந்தது. அதன் பின் உலகெங்கும் பல் மருத்துவக் கல்லூரி அலமாரிகளில் தூங்கிக்கொண்டிருந்த தாடைக் கட்டிகளை எல்லாம் எழுப்பி எண்ணத் தொடங்கினார்கள். பட்டமேற்படிப்பு ஆய்வேட்டுக்கு இதைவிட வசதியான தலைப்பு அப்போது இல்லை. நானும் எண்ணியவன்தான்.

இந்த எண்ணால் சொல்ல முடியாதவை இரண்டு உண்டு. கல்யாணப் பந்தியை எட்டிப் பார்த்தால் எத்தனை பேர் இலை முன் உட்கார்ந்திருக்கிறார்கள் என்று தெரியும். அந்தப் பந்தி எவ்வளவு நேரத்தில் எழும் என்பது தெரியாது; சாப்பிட்டவர்களில் எத்தனை பேர் உடனே ஊருக்குக் கிளம்பிவிடுவார்கள் என்பதும் தெரியாது. செல்களும் அப்படித்தான். சுழற்சியில் எத்தனை இருக்கின்றன என்று கேஐ-67 காட்டும். ஒரு சுற்று முடிய எவ்வளவு நேரம் ஆகிறது, பிறந்தவற்றில் எத்தனை மடிந்து உதிர்கின்றன என்று அது காட்டாது. கெரடோசிஸ்டில் இந்த இரண்டாவது கணக்கு பெரியது. புதிதாகப் பிறக்கும் செல்கள் மேலே மேலே ஏறி, நகத்தில் இருக்கும் கெரட்டின் என்ற புரதமாகக் காய்ந்து, கட்டியின் உள்ளே உதிர்ந்து சேர்கின்றன. நீர்க்கட்டி என்று பெயர்தானே தவிர, திறந்து பார்த்தால் பல நேரங்களில் தயிர்த்திரள் போல வெள்ளையாகத்தான் இருக்கும். உங்கள் குடலின் உட்படலத்தை எடுத்து, அதன் சுரப்பிகளின் அடிப்பகுதியில் இதே சோதனையைச் செய்தால், அங்கே தெரியும் பழுப்பைக் கண்டு உங்கள் மகனின் கட்டி வெட்கப்படும். வேகமாகப் பிரிவது மட்டுமே ஆபத்து என்றால் நாம் அனைவரும் நம் வயிற்றைக் கண்டு பயப்பட வேண்டும்.

அப்படியானால் எதற்கு இந்தச் சோதனை? கெரடோசிஸ்டைப் பொறுத்தவரை அது ஒரு பழைய புதிரை விளக்க உதவியது. டென்மார்க்கைச் சேர்ந்த பிலிப்சென் 1956-ல் இந்தக் கட்டிக்குத் தனிப்பெயர் கொடுத்தார். மற்ற தாடை நீர்க்கட்டிகள் எடுத்தால் போய்விடும். இது மட்டும் ஏன் திரும்பி வருகிறது என்ற கேள்வி அதையொட்டி எழுந்தது. 1970-களின் தொடக்கத்தில் டோலர் என்ற ஆங்கிலேய ஆய்வாளர், செல்கள் புது டிஎன்ஏ செய்ய எடுத்துக்கொள்ளும் தைமிடின் என்ற பொருளில் கதிரியக்கம் ஏற்றிக் கொடுத்துப் பார்த்து, கெரடோசிஸ்டின் உட்சுவர் மற்ற நீர்க்கட்டிகளின் உட்சுவரைவிடப் பல மடங்கு சுறுசுறுப்பாகச் செல்களைப் பெருக்குகிறது என்று காட்டினார். கேஐ-67 வந்த பிறகு அது மீண்டும் மீண்டும் உறுதியானது. சொத்தைப்பல்லின் வேர்நுனியில் வரும் நீர்க்கட்டியையும், முளைக்காத பல்லின் தலையைச் சுற்றி வரும் நீர்க்கட்டியையும்விடக் கெரடோசிஸ்டில் பழுப்புச் செல்கள் அதிகம்.

எண்ணிக்கையைவிட என்னை ஈர்ப்பது அந்தப் பழுப்பு இருக்கும் இடம். சாதாரண நீர்க்கட்டிகளில் பிரியும் செல்கள் பெரும்பாலும் அடிவரிசையிலேயே இருக்கும். கெரடோசிஸ்டின் உட்சுவர் மெல்லியது; சுமார் ஐந்து முதல் எட்டு வரிசைச் செல்கள்தாம். அதன் அடிவரிசை, நட்டுவைத்த வேலிக்கம்புகள் போல ஒழுங்காக நிற்கும். அந்த அடிவரிசைக்கு நேர் மேலே உள்ள வரிசையில்தான் பழுப்பு திரண்டிருக்கும். ஸ்லைடைக் கையில் எடுத்தவுடன் அந்தப் பட்டை கண்ணில் படும். எண்ணிப் பார்க்காமலே, “ஆம், இது அதுதான்” என்று சொல்லத் தோன்றும்.

இந்தக் கட்டியின் பெயரையே மாற்றியதில் இந்த எண்களுக்கும் பங்கு உண்டு. 2005-ல் உலக சுகாதார நிறுவனத்தின் வகைப்பாடு, இதை நீர்க்கட்டிகளிலிருந்து எடுத்து, டியூமர் எனப்படும் கட்டிகளின் வரிசையில் சேர்த்து, ‘கெரடோசிஸ்டிக் ஒடான்டோஜெனிக் டியூமர்’ என்று பெயரிட்டது. திரும்பி வரும் குணம், செல் பெருக்கம், பிடிசிஹெச்1 என்ற மரபணுவில் காணப்பட்ட கோளாறுகள் ஆகியவை காரணங்கள். 2017-ல் போதிய சான்று இல்லை என்று கூறிப் பழைய பெயருக்கே திரும்பினார்கள். உங்கள் மகன் இணையத்தில் தேடும்போது ‘டியூமர்’ என்ற சொல் கண்ணில் பட்டால் பயப்பட வேண்டாம் என்பதற்காக இதைச் சொல்கிறேன். அந்தப் பன்னிரண்டு ஆண்டுகளிலும் கட்டி மாறவில்லை. மாறியது எங்கள் மனம்தான்.

இனி உங்கள் நாத்தனார் மகன் கதைக்கு வருகிறேன். நீங்கள் டெல்டாக்காரர் என்பதால் விளக்குவது எளிது. முளைக்கீரை விதைத்தால் மூன்று நான்கு வாரத்தில் கைக்கு வந்துவிடும். பிடித்து இழுத்தால் வேரோடு வந்துவிடும். அருகம்புல்லைப் பாருங்கள். மேலே பார்த்தால் பெரிய வளர்ச்சி தெரியாது. ஆனால் தரையோடு தரையாக ஓடி, கணுவுக்குக் கணு வேர் விட்டிருக்கும். கண்ணுக்குத் தெரிந்ததை மட்டும் கொத்தி எடுத்தால், மிஞ்சிய ஒரு கணு போதும். அருகு போல் வேரோடி வாழ வேண்டும் என்று மணமக்களை வாழ்த்துவார்கள். குடும்பத்துக்கு நல்ல வாழ்த்து, தாடைக்கு ஆகாது.

அமெலோபிளாஸ்டோமா அந்த அருகம்புல் ஜாதி. அதன் செல்கள் அவசரப்பட்டுப் பிரிவதில்லை. பல ஆய்வுகளில் அதன் கேஐ-67, கெரடோசிஸ்டின் அளவுக்கே அல்லது அதற்கும் கீழேதான் இருந்திருக்கிறது. ஆனால் எலும்பின் உள்ளே பஞ்சுபோல இருக்கும் இடைவெளிகளுக்குள் அது விரல் நீட்டிப் போகிறது. எக்ஸ்ரேயில் கட்டி முடிந்ததாகத் தெரியும் எல்லைக்கு அப்பாலும் போயிருக்கும். அதைச் சுரண்டி மட்டும் எடுத்த காலங்களில் பாதிப் பேருக்கு மேல் திரும்பி வந்தது. அதனால்தான் எக்ஸ்ரே எல்லையிலிருந்து ஒன்று முதல் இரண்டு சென்டிமீட்டர் நல்ல எலும்பையும் சேர்த்து எடுக்கிறார்கள். உங்கள் நாத்தனார் மகனுக்குச் செய்தது அதைத்தான். அங்கே சிகிச்சையை முடிவு செய்தது கட்டியின் பெயரும் அது பரவும் விதமும். 3% என்ற எண்ணுக்கு அதில் குரலே கிடையாது. மிக்ஸோமா என்று இன்னொரு தாடைக் கட்டி இருக்கிறது. ஜெல்லி போன்றது, பிரியும் செல்களைத் தேடித்தான் பிடிக்க வேண்டும், திரும்பி வருவதில் இவை இரண்டுக்கும் சளைத்ததல்ல.

எலும்பைத் தின்னும் வேலையையும் பெருகும் செல்கள் நேரடியாகச் செய்வதில்லை. எலும்பைக் கரைப்பதற்கென்றே உடலில் தனிச் செல்கள் உண்டு. கட்டி அவற்றைத் தூண்டிவிடுகிறது. திசுவைக் கரைக்கும் நொதிகளையும் சுரக்கிறது. இவை எதுவும் கேஐ-67 கணக்கில் வருவதில்லை.

சரி, ஒரே மாதிரியில் ஓரிடத்தில் 14, மற்றோரிடத்தில் 9 வந்தது எப்படி? யாரோ ஏமாற்றிவிட்டார்கள் என்று நினைக்க வேண்டாம். நான் பட்டமேற்படிப்பு படித்தபோது, ஒரே ஸ்லைடை நானும் என்னுடன் படித்த பெண்ணும் தனித்தனியே எண்ணினோம். எனக்கு 18, அவருக்கு 11. இருவரும் பேராசிரியரிடம் போய் நின்றோம். அவர் ஸ்லைடைப் பார்த்துவிட்டு, “இரண்டும் சரிதான், என் முறைக்கு எனக்கு 15 வரும்” என்று சிரித்தார். பழுப்பு மிக அடர்த்தியாக இருந்த இடமாகப் பார்த்து நான் எண்ணியிருந்தேன். என்னுடன் படித்தவரோ சுவர் நெடுகிலும் இடைவெளி விட்டு எண்ணியிருந்தார். வெளிர்பழுப்பாக இருந்த செல்களை நான் சேர்த்துக்கொண்டேன், அவர் விட்டுவிட்டார். அடியில் உள்ள வரிசைகளை மட்டும் எண்ணுவதா, எல்லா வரிசைகளையும் எண்ணுவதா என்பதிலேயே எண் இரட்டிப்பாகலாம். பழுப்பு இல்லாத மேல்வரிசைகளையும் சேர்த்து எண்ணினால், மொத்தத்தில் பழுப்பின் பங்கு குறையும் அல்லவா?

ஒரு பானைச் சோற்றுக்கு ஒரு சோறு பதம் என்பது இங்கே செல்லாது. கட்டியின் உட்சுவர் ஓரிடத்தைப் போல் இன்னோரிடம் இருக்காது. சீழோ அழற்சியோ இருந்த இடத்தில் செல்கள் அதற்குப் பதிலாகவே பெருகும். அந்த இடத்தில் கெரடோசிஸ்டின் அடையாளமே அழிந்து, சாதாரணப் படலம் போல் மாறிவிடுவதும் உண்டு. உங்கள் மகனிடமிருந்து எடுத்தது சிறு துண்டு. அந்தத் துண்டு எங்கிருந்து வந்தது என்பதைப் பொறுத்தே எண் அமையும்.

ஆய்வகத்தின் சமையலும் எண்ணை மாற்றும். திசுவைக் கெடாமல் காக்கும் ஃபார்மலின் திரவத்தில் அது எவ்வளவு நேரம் கிடந்தது என்பது முக்கியம். அதைவிட, தாடைத் துண்டோடு எலும்பும் ஒட்டிக்கொண்டு வந்தால் சுண்ணாம்பை நீக்க அமிலத்தில் ஊறவைக்க வேண்டியிருக்கிறது. அமிலம் அதிகமானால் சாயம் பிடிக்காது. ஒருமுறை எனக்கு வந்த ஸ்லைடில் பழுப்பே இல்லை. ‘0%’ என்று எழுதப் போனவன், நட்டநடுவில் ஒரு செல் இரண்டாகப் பிரிந்துகொண்டிருப்பதைப் பார்த்தேன், நீலமாக நின்றது. பிரிந்துகொண்டிருக்கும் செல் பழுப்பாகாமல் இருக்க வழியே இல்லை. ஆக, பொய் சொன்னது கட்டி அல்ல, சோதனைதான். விசாரித்தால் திசு இரவு முழுவதும் அமிலத்தில் கிடந்திருக்கிறது.

எனவே 14-க்கும் 9-க்கும் உள்ள வேறுபாட்டை நான் வேறுபாடாகவே எடுத்துக்கொள்ள மாட்டேன்.

இணையத்தில் நீங்கள் பார்த்த 14 சதவீத எல்லை எங்கிருந்து வந்தது என்று ஊகிக்க முடிகிறது. அது மார்பகப் புற்றுநோய்க்கானது. ஸ்விட்சர்லாந்தின் செயின்ட் காலன் நகரில் கூடிய நிபுணர் குழு 2011-ல், ஹார்மோன் ஏற்பிகள் கொண்ட மார்பகப் புற்றுநோய்களை இரு பிரிவாகப் பிரிக்க 14% என்ற கோட்டைப் போட்டது. 2013-லேயே அந்தக் கோடு 20 சதவீதத்தை நோக்கி நகர்ந்துவிட்டது. கணையம், குடல் ஆகியவற்றில் வரும் நியூரோஎண்டோகிரைன் கட்டிகளுக்கு 3%, 20% என்று வேறு கோடுகள். ஒவ்வொன்றும் அந்தந்த நோய்க்கு, அந்தந்த எண்ணும் முறைக்கு உரியது. தாடைக் கட்டிகளுக்கு உலக சுகாதார நிறுவனத்தின் வகைப்பாட்டில் அப்படி ஒரு கோடே கிடையாது. மல்லிகைப்பூவை எடைபோடும் தராசில் நெல்மூட்டையை வைத்தது போல் ஆகிவிட்டது உங்கள் தேடல்.

உறவுக்காரப் பெண் சொன்ன சோதனைகள்: பிசிஎன்ஏ என்பது டிஎன்ஏ நகலெடுக்கும் எந்திரத்தை வளையம் போலப் பிடித்துக்கொள்ளும் புரதம். டிஎன்ஏவைப் பழுதுபார்க்கும்போதும் அது வரும். பிரிந்து முடித்த செல்லிலும் சில காலம் தங்கியிருக்கும். அதனால் எண்ணிக்கை ஏறியே தெரியும். ஏஜிநார் என்பது உட்கருவுக்குள் புள்ளி புள்ளியாக வெள்ளிச்சாயம் ஏற்றுவது. செலவு குறைவு என்பதால் ஒரு காலத்தில் நம் நாட்டுக் கல்லூரிகளில் அதற்கு மவுசு இருந்தது. மூன்றையும் செய்தால் உங்களிடம் மூன்று எண்கள் இருக்கும். உறுதி கூடாது, தூக்கம் இன்னும் குறையும். வேண்டாம். அந்தப் பெண் நன்றாகப் படிக்கிறாள் என்று மட்டும் தெரிகிறது. என் வாழ்த்தைச் சொல்லுங்கள்.

நான் கேஐ-67 கேட்கும் சந்தர்ப்பங்கள் இருக்கின்றன. அமெலோபிளாஸ்டோமா போல் தெரியும் கட்டியில் செல்களின் வடிவம் சரியில்லை, பிரிவுகள் அதிகமாகத் தெரிகின்றன என்றால், அது புற்றாகிவிட்டதா என்று சந்தேகம் வரும். அப்போது எண் மிக உயர்ந்திருந்தால் என் கண் சொன்னதற்கு அது துணை நிற்கும். கெரடோசிஸ்டின் சுவரில் செல்கள் தாறுமாறாக இருந்தாலும் கேட்பேன். தெளிவான கெரடோசிஸ்டுக்கு வழக்கமாக அதைச் செய்ய வேண்டும் என்று நான் கருதவில்லை. சதவீதம் தேவைப்படாத சாயங்கள் சில, இதைவிட உருப்படியான பதிலைத் தருகின்றன. அமெலோபிளாஸ்டோமாக்களில் பிராஃப் மரபணுவில் ஒரு குறிப்பிட்ட மாற்றம் அடிக்கடி இருப்பது 2014-ல் தெரியவந்தது. கீழ்த்தாடையில் வருபவற்றில் பெரும்பாலானவற்றில் அது உண்டு. அந்த மாற்றம் இருக்கிறதா என்று சாயத்திலேயே பார்க்கலாம். சில நோயாளிகளுக்கு அதைக் குறிவைக்கும் மருந்துகளும் கொடுத்துப் பார்க்கப்படுகின்றன. எத்தனை செல்கள் என்று கேட்பதைவிட எந்தச் செல்கள் என்று கேட்பதே எங்கள் தொழிலில் பயனுள்ள கேள்வி.

நீங்கள் மருத்துவரிடம் கேட்க வேண்டியவை வேறு. அறிக்கையில் ‘பாராகெரட்டினைஸ்டு’ என்ற சொல் இருக்கிறதா என்று பாருங்கள். ‘ஆர்த்தோகெரட்டினைஸ்டு’ என்று இருந்தால் அது வேறு நீர்க்கட்டி, சாது, திரும்பி வருவது அபூர்வம், 2017 முதல் தனி நோயாகவே எழுதப்படுகிறது. இந்த ஒரு சொல், 14 சதவீதத்தைவிட உங்கள் மகனின் எதிர்காலத்தைப் பற்றி அதிகம் சொல்லும். அடுத்து, சிடி ஸ்கேனில் எலும்புச் சுவர் எங்காவது ஓட்டை விழுந்திருக்கிறதா என்று கேளுங்கள். ஓட்டை இருந்தால், அதை ஒட்டிய சதையையும் சேர்த்து எடுப்பார்கள். அறுவைக்குப் பின் கட்டி முழுவதும் சோதனைக்குப் போக வேண்டும்; சுவருக்குள் குட்டிக் கட்டிகள் இருக்கின்றனவா என்று அந்த இறுதி அறிக்கை சொல்ல வேண்டும். முதல் துண்டின் அறிக்கையோடு திருப்தியடைந்து, இறுதி அறிக்கையை வாங்காமலே போய்விடுகிறவர்கள் நிறையப் பேர்.

கெரடோசிஸ்ட் திரும்பி வருவது பெரும்பாலும் கைவேலையின் சிக்கலால். சுவர் வெங்காயச் சருகு போல மெலிது, எடுக்கும்போது கிழியும், எலும்பின் மூலையில் ஒரு துணுக்கு தங்கிவிடும். அந்தத் துணுக்கு சுறுசுறுப்பாகப் பெருகும் என்பதுதான் கேஐ-67 தரும் செய்தி. துணுக்கே தங்காவிட்டால் அதற்கு வேலை இல்லை. கட்டியை வெறுமே எடுத்தால் ஏறக்குறைய நான்கைந்து பேரில் ஒருவருக்குத் திரும்பி வருகிறது. சுற்றியுள்ள எலும்பை ராவுவதும், மருந்து தடவுவதும் சேரும்போது அது நன்றாகக் குறைகிறது. அந்த மருந்து பெரும்பாலும் கார்னாய் கரைசலாக இருக்கும். ஆல்கஹால், அசெட்டிக் அமிலம், ஃபெரிக் குளோரைடு சேர்ந்தது; பழைய செய்முறையில் இருந்த குளோரோஃபார்மை இப்போது பலர் விட்டுவிட்டார்கள். சிலர் 5-ஃபுளூரோயூராசில் களிம்பை வைக்கிறார்கள். கீழ்த்தாடைக்குள் ஓடும் நரம்புக்குப் பக்கத்தில் கட்டி இருந்தால் கீழுதடு சில மாதங்கள் மரத்துப்போகலாம். சிலருக்கு நிலைத்தும் விடலாம். இதைப் பற்றி முன்கூட்டியே பேசிவிடுங்கள். கட்டி மிகப் பெரியதாக இருந்தால், முதலில் ஒரு சன்னல் திறந்து குழாய் வைத்து, அது சுருங்கிய பிறகு எடுக்கும் முறையும் உண்டு. மாதக்கணக்கில் ஆகும். நாள்தோறும் கழுவிவிடும் பொறுமை வேண்டும். 24 வயதுப் பையனுக்கு அது இருக்கிறதா என்பது உங்களுக்குத்தான் தெரியும்.

குடும்பத்தில் ஓடுகிறதா என்ற பயம் நியாயமானது. நாத்தனார் மகனுடைய நோய்க்கும் இதற்கும் தொடர்பில்லை. அமெலோபிளாஸ்டோமா பரம்பரையாக வருவதல்ல. கெரடோசிஸ்டும் பெரும்பாலும் தனியாகத்தான் வருகிறது. ஆனால் சிலருக்குக் கோர்லின் நோய்க்கூறு என்ற மரபணுக் கோளாறின் ஒரு பகுதியாக வரும். 1960-ல் கோர்லினும் கோல்ட்ஸும் விவரித்தது. தாடையில் ஒன்றுக்கு மேற்பட்ட கட்டிகள் இருக்கின்றனவா, உள்ளங்கையிலும் உள்ளங்காலிலும் ஊசிமுனை அளவு குழிகள் தெரிகின்றனவா, மார்பு எக்ஸ்ரேயில் விலா எலும்பு கவைபோலப் பிளந்திருக்கிறதா என்று ஒருமுறை பார்த்துவிடச் சொல்லுங்கள். ஒற்றைக் கட்டி, வேறு அறிகுறி இல்லை என்றால் வாய்ப்பு குறைவு. பார்க்காமல் விடக் கூடாது என்பதற்காகத்தான் சொல்கிறேன். அது உறுதியானால் பெற்றோரையும் உடன்பிறந்தவர்களையும் சோதிக்க வேண்டியிருக்கும். கதிர்வீச்சு சிகிச்சையைத் தவிர்க்க வேண்டியிருக்கும்.

பிறகு கண்காணிப்பு. திரும்பி வருபவற்றில் பெரும்பாலானவை முதல் ஐந்து ஆண்டுகளுக்குள் வந்துவிடும். பத்து ஆண்டு தாண்டி வந்ததும் உண்டு. முதல் ஐந்து ஆண்டுகளுக்கு ஆண்டுதோறும் ஓபிஜி எக்ஸ்ரே (தாடை முழுவதையும் ஒரே படத்தில் காட்டுவது), அதன் பின் மருத்துவர் சொல்லும் இடைவெளியில். வலி வந்தால் பார்த்துக்கொள்ளலாம் என்று இருக்கக் கூடாது. இந்தக் கட்டி எலும்பின் நீளவாக்கில் மஜ்ஜைக்குள் ஓடுமே தவிர, கன்னத்தை வீங்கவைத்துத் தகவல் சொல்லாது. 24 வயது என்றால் நாளை வேலைக்காகப் பெங்களூருக்கோ சிங்கப்பூருக்கோ போய்விடுவான். போகும்போது அறிக்கையின் நகலும் எக்ஸ்ரே படங்களும் கைப்பையில் இருக்கட்டும். திசுவைப் பதித்து வைத்த மெழுகுக் கட்டை எந்த ஆய்வகத்தில் இருக்கிறது என்று குறித்துவைத்துக்கொள்ளுங்கள். பத்து ஆண்டு கழித்துச் சந்தேகம் வந்தால் ஒப்பிட்டுப் பார்க்க அதைத்தான் கேட்பேன், 14 என்று அச்சிட்ட தாளை அல்ல.

முறுக்கு விஷயம். தாடை மூலையில் கட்டி இருக்கும் இடத்தில் எலும்பு மெலிந்திருக்கும். எவ்வளவு மெலிந்திருக்கிறது என்பதை சிடி படத்தைப் பார்த்து அறுவை மருத்துவர் சொல்வார். அவர் சரி என்று சொல்லும்வரை கைமுறுக்கும் சீடையும் வேண்டாம். கரும்பு கடிப்பதையும் நிறுத்தச் சொல்லுங்கள். எடுத்த பிறகும் குழி எலும்பால் நிரம்பப் பல மாதங்கள் ஆகும்; முதல் சில வாரங்கள் இட்லி, குழைந்த சாதம், கஞ்சி என்றுதான் போக வேண்டும். அதிரசம் மெத்தென்று இருந்தால், வலதுபக்கமாக மென்று சாப்பிடட்டும். ரொம்பவும் ஏங்கினால் ஒரு முறுக்கை நொறுக்கிக் காபியில் ஊறப்போட்டுக் கொடுங்கள். எங்கள் வீட்டில் பல்செட் கட்டிய என் மாமனார் அப்படித்தான் சாப்பிடுவார். நன்றாகவே இருக்கும் என்கிறார்.